கொலுக் குளத்து மாப்பிள்ளை

ஸ்ரீநிதி மான்செஸ்டருக்குப் படிக்கப் போன மறுநாளே அவளுடைய அறைக்குள் முதல் கண்ணாடித் தொட்டி நுழைந்துவிட்டது. மகளை ரயிலேற்றிவிட்டு வந்து கிரிஜா இன்னும் முகம்கூடக் கழுவியிருக்கவில்லை. கிருஷ்ணமூர்த்தி அளவுநாடாவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். முதலில் ஒரு தொட்டிதான் என்றார். பிறகு மூன்று என்றார். பிறகு சொல்வதையே விட்டுவிட்டார். எட்டு வருஷத்தில் கட்டில் போய், மேஜை போய், அலமாரி போய், நான்கு சுவருக்கும் இரும்புத் தட்டுகள் ஏறி, பதினெட்டுத் தொட்டிகள் வரிசை கட்டி நின்றன. பதினெட்டிலும் கப்பி மீன்கள். வாலோடு சேர்த்து அளந்தாலும் சுண்டுவிரல் நீளம் தேறாத ஜந்துகள். ஐம்பத்தெட்டு வயது மனுஷன், வங்கியில் முப்பது பேருக்கு மேலதிகாரி, அதுகளுக்கு முன்னால் பூதக்கண்ணாடியும் கையுமாக மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்.

கிரிஜா துணிக்கூடையோடு அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் அவள் உதட்டோரத்தில் ஒரு சின்ன மடிப்பு விழும். லண்டன் வெம்பிளியில் அந்த வீட்டுக்கு வந்த இருபத்தாறு வருஷத்தில் அது நிரந்தரமாகவே தங்கிவிட்டது. அவள் மாயவரத்துப் பெண், பி.ஃபார்ம் படித்தவள், ஹை ரோட்டில் ஒரு மருந்துக்கடையில் வேலை. கடைக்கு வருகிறவர்களிடம் வாய் ஓயாமல் பேசுவாள். வீட்டில் பேச மாட்டாள். சண்டை போட வேண்டும், கேட்டு வாங்க வேண்டும் என்றால் எதிரே இருப்பவரை ஓர் ஆளாக மதிக்க வேண்டுமே, அந்தச் சிரமத்தை அவள் என்றோ விட்டுவிட்டாள். வாயால் "ஏன்னா, காபி ஆறறது" என்பாள். மனசுக்குள் "அசடு" என்பாள். ஒருநாளும் இரண்டும் இடம் மாறியதில்லை.

மதிக்கும்படி அவரும் நடந்துகொள்ளவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். மீன் அறையில் எந்நேரமும் இருபத்தைந்து டிகிரி சூடு. மீதி வீட்டுக்குப் பதினேழு போதும் என்று அவர் முடிவு செய்திருந்தார். கிரிஜா ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சாம்பாருக்குத் தாளிப்பாள். ஈரம் ஏறி ஸ்ரீநிதியின் சுவர் கறுத்து, அவள் பள்ளிக்கூட நாளில் ஒட்டிய படங்கள் ஓரம் சுருண்டு தொங்கின. அடுக்களை மேடையில் காபி ஃபில்டருக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் உப்புத்தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். மீன்குட்டிகள் தின்பதற்கு அதில் இறால் முட்டை பொரிகிறதாம். பெற்ற பெண் எப்போதாவது வந்தால் ஹால் சோபாவில் படுத்துவிட்டுப் போவாள்.

இத்தனையும் எதற்கு என்றால், ஒரு நீல நிறத்துக்கு. தலை முதல் வால் வரை ஒரே நீலம், வேறு பொட்டு புள்ளி எதுவும் கூடாது. அந்த வம்சத்தை ஏழு வருஷமாகச் சுத்தமாகக் காப்பாற்றி வருகிறாராம். குட்டிகளுக்கு மூன்று வாரம் ஆனதும் லென்ஸை வைத்து ஆண் எது பெண் எது என்று பார்த்துத் தனித்தனித் தொட்டியில் போட்டுவிடுவார். எந்த ஆணோடு எந்தப் பெண் சேர வேண்டும் என்பதை அவர்தான் தீர்மானிப்பார். மஞ்சளாக ஒரு பொட்டு தெரிந்தால் போதும், அதுவும் அதனோடு பிறந்தவையும் மூலைத் தொட்டிக்குப் போகும். மூலைத் தொட்டியில் ஆஸ்கர் என்று ஒரு தடித்த மீன் இருந்தது. அதற்கு வேலையே அதுகளைத் தின்பதுதான். "தரம் இல்லாததை வச்சுண்டு என்ன பண்றது?" என்பார் கிருஷ்ணமூர்த்தி. மனுஷர்களைப் பற்றியும் அவருக்கு அதே அபிப்பிராயம்தான்.

இரண்டு வீடு தள்ளி இருக்கும் கனகாம்பிகை, கிரிஜாவோடு மருந்துக்கடையில் வேலை பார்க்கிற யாழ்ப்பாணத்துக்காரி, ஒருமுறை ஆசையாகத் தன் வீட்டுத் தொட்டியைக் காட்ட அவரைக் கூப்பிட்டாள். அவள் தொட்டியில் எல்லா நிறமும் கலந்து கிடக்கும், எது எதற்குப் பிறந்தது என்று அதுகளுக்கே தெரியாது. கிருஷ்ணமூர்த்தி ஒரு பார்வை பார்த்தார். "இது தொட்டி இல்லை, பஸ் ஸ்டாண்டு" என்றார். சொல்லிவிட்டு அவள் போட்ட தேநீரைக் குடித்தார்.

அவருக்கு ஒரு சங்கம் வேறு இருந்தது. பதினோரு ஆம்பிளைகள், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சர்ச் ஹாலில் கூடுவார்கள். மே மாதம் அவர்களுக்குள் ஒரு போட்டி. ஒரு தொட்டியில் ஆறு ஆண் மீன்கள், ஆறும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்க வேண்டும். கிருஷ்ணமூர்த்திக்கு ஐந்து வரும், ஆறாவது சொதப்பும். ஒவ்வொரு மே மாதமும் வீட்டில் துக்கம், ஆஸ்கருக்கு விருந்து.

போன செப்டம்பரில் ஸ்ரீநிதி ஃபோன் செய்தாள். வேலை லண்டனுக்கு மாறுகிறது, மார்ச்சில் சேர வேண்டும், ஒரு வருஷம் வீட்டில் இருந்துகொள்ளட்டுமா என்று கேட்டாள். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. கிரிஜா அடுக்களையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்ட மாத்திரத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். எட்டு வருஷம் கழித்துப் பெண் வீட்டுக்கு வருகிறேன் என்கிறாள்.

"இப்ப எப்படிம்மா?" என்றார் கிருஷ்ணமூர்த்தி. "ஷோ இருக்கு. இந்த வருஷம் கடைசி முயற்சி. ஆறும் ஒரே மாதிரி வரலேன்னா எல்லாத்தையும் ஏறக்கட்டிட்டு ரூமைக் காலி பண்ணிடறேன். அதுவரைக்கும் வேற எங்கயாவது பார்த்துக்கோயேன்."

"அம்மா, நீ இருக்கியா?" என்றாள் ஸ்ரீநிதி.

"இருக்கேன்" என்றாள் கிரிஜா. உதட்டோரம் மடிந்தது. இந்த மனுஷனிடம் பேசி என்ன ஆகப்போகிறது என்று பீன்ஸைத் தொடர்ந்து நறுக்கினாள். ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு ஒரே வேண்டுதல்தான்: அந்த ஆறு மீனும் உருப்படக் கூடாது.

அக்டோபரில் நவராத்திரி வந்தது. பரணிலிருந்து பொம்மைகளை இறக்கி ஹாலில் ஏழு படி கட்டினாள். படிக்குக் கீழே வழக்கம்போலத் தெப்பக்குளம். வெண்கல உருளியில் தண்ணீர் ஊற்றி, சுற்றிலும் தெர்மகோலில் படிக்கட்டு வெட்டி, நடுவில் ஒரு மண்டபம் வைத்தாள். வருஷா வருஷம் அதில் ஒரு பிளாஸ்டிக் வாத்து மிதக்கும். இந்த வருஷம் நல்லவேளையாகக் கடைசி நான்கு நாளும் கிருஷ்ணமூர்த்திக்கு ஃபிராங்ஃபர்ட்டில் வேலை. வீட்டில் ஆயிரம் மீன் இருக்கும்போது வாத்து எதற்கு என்று கிரிஜாவுக்குத் தோன்றியது. அவர் இருந்தால் கேட்டிருக்கக்கூட மாட்டாள்.

பதினோராம் தொட்டியில் "பெண்கள் மட்டும். தொடாதே" என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. உள்ளே நான்கே நான்கு மீன்கள். நீலம் ஏறுவது ஆண்களுக்குத்தான், இவை வெறும் சாம்பல். அந்த வருஷப் போட்டிக்குத் தாயாவதற்கென்று அவர் பொறுக்கி எடுத்து, எந்த ஆணின் வாடையும் படாமல் வளர்த்த நான்கு. நவராத்திரியில் கன்னிப் பெண்களை உட்காரவைத்து மரியாதை செய்வதுதானே வழக்கம் என்று கிரிஜாவுக்குச் சிரிப்பு வந்தது. நான்கையும் வலையால் அள்ளிக்கொண்டு வந்து உருளியில் விட்டாள்.

சாயங்காலம் வெற்றிலை பாக்குக்கு வந்த கனகாம்பிகை குனிந்து குளத்தைப் பார்த்தாள். "எங்கட ஆக்கள் கும்பம் மட்டும்தான் வைக்கிறது. இது நல்ல வடிவாத்தான் இருக்கு. ஆனா என்ன கிரிஜா, எல்லாம் சாம்பல் நிறமாக் கிடக்குது? நில்லுங்கோ, வாறன்" என்று போனவள் ஓர் ஊறுகாய்ப் போத்தலோடு திரும்பினாள். போத்தலுக்குள் ஓர் ஆண் மீன். நெருப்பு மாதிரி செம்மஞ்சள் வால். வால் தொடங்குகிற இடத்தில் கண்மை வைத்ததுபோல ஒரு கறுப்புப் பொட்டு.

"இவன் எங்கட வீட்டுச் சண்டியன். பூசை முடியுமட்டும் இஞ்ச நிண்டுட்டு வரட்டும்."

சண்டியன் உருளிக்குள் இறங்கியதிலிருந்து ஒரு நிமிஷம் சும்மா இருக்கவில்லை. நான்கு பெண்களையும் மாறி மாறிச் சுற்றி வாலை விரித்து ஆடினான். சுண்டலைக் கையில் வாங்கிக்கொண்டு எல்லாரும் பொம்மையை விட்டுவிட்டு அவனைத்தான் பார்த்தார்கள். "மாப்பிள்ளைக்கு அவசரத்தைப் பாரேன்" என்று யாரோ சொல்ல, ஹால் முழுக்கச் சிரிப்பு. கிரிஜாவும் சிரித்தாள். அவளுக்கு மீனைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். பெண்களைத் தனியாக வைப்பதை ஹாஸ்டல் வார்டன் வேலை மாதிரி என்று நினைத்திருந்தாள். நான்கு நாள் கழித்துச் சண்டியன் போத்தலில் ஏறி வீட்டுக்குப் போனான். பெண்கள் பதினோராம் தொட்டிக்குத் திரும்பின. கிருஷ்ணமூர்த்தி ஊரிலிருந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் மாடிக்குப் போய் எண்ணிப் பார்த்தார். நான்கு. திருப்தியோடு இறங்கி வந்தார். அந்த வாரமே தன் பழைய பரிசு மீனை, வயதாகி மெல்ல மிதந்துகொண்டிருந்த ஒரு நீலக் கிழவனை, அந்த நான்கோடு சேர்த்துவிட்டார்.

நவம்பரில் ஒருநாள் கிரிஜா துணிக்கூடையோடு மாடி ஏறும்போது அவர் ஃபோனில் யாருக்கோ வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். கோலியர்ஸ் வுட்டில் மாதவன் என்று ஒருவர் புதிதாகச் சங்கத்தில் சேர்ந்திருந்தார், அவருக்குத்தான்.

"ஒரு தடவை சேர்ந்தாப் போறும் மாதவன். அதை உள்ளேயே சேமிச்சு வச்சுண்டு ஆறு மாசம்வரைக்கும் மாசா மாசம் குட்டி போடும். தப்பான ஆண் ஒருநாள் உள்ளே வந்துட்டா போச்சு. ஏழு வருஷ ரத்தமும் குட்டிச்சுவர்."

கிரிஜா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உருளியும் சண்டியனும் கண்முன் வந்தன. இப்போதே சொன்னால் அவருக்கு நேரம் இருந்தது. சிறிய பெண் மீன்கள் வேறு தொட்டிகளில் இருந்தன, மறுபடி ஆரம்பிக்கலாம், மே மாதத்துக்குள் ஆறு தேற்றிவிடலாம். சொல்லாவிட்டால் ஆறும் தேறாது. தேறாவிட்டால் அறை காலி. ஸ்ரீநிதி மார்ச்சிலிருந்து மே வரை எங்காவது சமாளித்துக்கொண்டால் பிறகு வீட்டுக்கு வந்துவிடலாம்.

அவள் சொல்லவில்லை. கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எழுந்து, வாசலைக் கடக்கும்போது உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். நீலக் கிழவன் ஒரு மூலையில் தூங்கிக்கொண்டிருந்தான். பெண்களின் வயிறு புடைத்திருந்தது. கிருஷ்ணமூர்த்தி அந்த வயிறுகளைப் பார்த்து, தானே காரணம் என்பதுபோல ஒரு பெருமையோடு இருந்தார். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் கிரிஜா அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அவர் குட்டிகளுக்குத் தீனி போடும்போது பாட்டு முணுமுணுத்தால் இவளும் கீழே இருந்து கூடவே முணுமுணுத்தாள். குளிரில் நடுங்கிக்கொண்டே அவருக்கு அடையும் அவியலும் செய்துபோட்டாள்.

ஜனவரிக் கடைசியில் குட்டிகளுக்கு நிறம் ஏறத் தொடங்கியது. கிரிஜா மாடியிலிருந்து அலறல் வரும் என்று தினமும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தது.

"கிரிஜா! இங்க வா! சீக்கிரம் வா!"

முகத்தைச் சரிசெய்துகொண்டு மேலே போனாள். கிருஷ்ணமூர்த்தியின் கண்களில் தண்ணீர் நின்றது. பூதக்கண்ணாடியை அவள் கையில் திணித்தார்.

"பாரு. நீலத்துலேர்ந்து சூரியன் உதிக்கறது பாரு. வால் பூரா செம்மஞ்சள்! இது கெட்டுப்போனது இல்லை, தெரியறதா? இது மியூட்டேஷன். லட்சத்துல ஒண்ணு. ஏழு வருஷம் சுத்தமா வச்சிருந்ததுக்கு இயற்கையே கொடுத்த பரிசு. பேர்கூட வச்சாச்சு. 'கிருஷ்ணா சன்ரைஸ்'. சங்கத்துக்கு எழுதிட்டேன்."

கிரிஜா குனிந்து பார்த்தாள். முப்பது குட்டிச் சண்டியன்கள் வாலை ஆட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் வால் தொடங்கும் இடத்தில் கண்மைப் பொட்டு.

"இனிமே இந்த ரூம் போறாது" என்றார் அவர். "முன் ரூமையும் எடுத்துக்கணும். ஸ்ரீநிதிகிட்ட நானே சொல்லிடறேன். அவளும் பெரியவளாயாச்சு, தனியா இருந்து பழகட்டுமே."

மஞ்சள் பொட்டு ஒன்றுக்காக அறுபது குட்டிகளை ஆஸ்கருக்குப் போட்ட மனுஷன். கனகாம்பிகையின் தொட்டியைப் பஸ் ஸ்டாண்டு என்ற மனுஷன். தன் பெயரை ஒட்டிவிட்டால் எந்தக் கலப்பும் அவருக்குப் பரிசாகிவிடும். கிரிஜாவுக்கு அருவருப்பு வந்தது. மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு இதுவா பலன் என்று தன்மேலும் ஆத்திரம் வந்தது.

மறுநாள் வேலை முடிந்ததும் நேரே கனகாம்பிகை வீட்டுக்குப் போனாள். சண்டியன் இன்னும் உயிரோடு இருந்தான், கொஞ்சம் இளைத்திருந்தான். "இவனை ஒரு மணி நேரம் தரேளா?" என்று கேட்டாள்.

"கொண்டு போங்கோ. இப்ப என்னத்துக்கு? கொலு எப்பவோ முடிஞ்சுதே."

"எங்காத்து மாமாக்குக் காட்டணும்."

"ஓம், நல்லாக் காட்டுங்கோ" என்றாள் கனகாம்பிகை. "பஸ் ஸ்டாண்டிலயிருந்து வந்தவன் எண்டு சொல்லுங்கோ." அவள் அதை மறந்திருக்கவில்லை.

அதே ஊறுகாய்ப் போத்தல். கிரிஜா அதை மீன் அறைக்குக் கொண்டுபோய், சன்ரைஸ் தொட்டிக்கு ஒட்டினாற்போல வைத்தாள். கிருஷ்ணமூர்த்தி திரும்பிப் பார்த்தார்.

"இது என்னது?"

"இதுகளோட அப்பா."

உருளி, பதினோராம் தொட்டி, நான்கு நாள், எல்லாவற்றையும் மருந்துச் சீட்டு வாசிக்கிற குரலில் சொன்னாள். அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். போத்தலைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், மறுபடி போத்தலைப் பார்த்தார். அந்தக் கறுப்புப் பொட்டின் மேல் கண்ணாடி வெகுநேரம் நின்றது. தொட்டி விளக்கு வெளிச்சத்தில் அவர் காது மடல் சிவந்துகொண்டே வந்தது. திட்டுவார், போத்தலைத் தூக்கி எறிவார், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றாவது கேட்பார் என்று கிரிஜா நின்றுகொண்டிருந்தாள். கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தாள்.

"வேற யாருக்குத் தெரியும்?" என்றார் அவர்.

முப்பத்தொரு வருஷமாக அவரைப் பற்றி அவள் நினைத்திருந்ததெல்லாம் அவரைக் கொஞ்சம் உயர்த்தியே நினைத்தது என்று அப்போது தெரிந்தது.

"சங்கத்துக்காரா காபி குடிக்க வரும்போது கேட்டா நான் என்ன சொல்லட்டும்?" என்றாள்.

அவர் விரல்களால் தொட்டி விளிம்பைத் தேய்த்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள ரூமைக் காலி பண்ணிடறேன்" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. கிரிஜா போத்தலை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அறை யாருக்கு, எதற்கு என்று அப்போதும் அவள் வாய் திறந்து சொல்லவில்லை. ஜெயித்தாயிற்று, பேச்சு எதற்கு.

நீல மீன்கள் சங்கத்து நண்பர்கள் வீட்டுக்குப் போயின. சன்ரைஸ் மீன்களைப் பெயர் எழுதிய பைகளில் கட்டி, ஆளுக்கு மூன்றாகப் பெருமையோடு கொடுத்தனுப்பினார். ஆஸ்கரையும் ஒருவர் எடுத்துப் போனார். காலித் தொட்டிகள் கராஜில் அடுக்கப்பட்டன. வியாழக்கிழமை கிரிஜா லீவு போட்டுவிட்டுப் பிளீச் போட்டுச் சுவரைத் தேய்த்தாள். கட்டில் வாங்கிப் போட்டாள், ரஜாய்ப் போர்வை விரித்தாள். வெள்ளிக்கிழமை மாலை ஃபோனை எடுத்தாள்.

"ஸ்ரீநிதி, உன் ரூம் ரெடி. சுத்தமா காலி. நீ எப்ப வேணா வரலாம்."

"என்ன?" என்றாள் ஸ்ரீநிதி. பிறகு மெதுவாக, "அம்மா, நான் லண்டன்லயே, எட்மண்டன்ல ஃபிளாட் எடுத்துட்டேன். என் ஃப்ரெண்ட் வாணியோட. போன மாசமே சைன் பண்ணியாச்சு. ஒன் இயர். அங்கதான் இப்ப பெட்டி பிரிச்சுண்டு இருக்கேன்."

"சொல்லவே இல்லையேடி."

"நீ கேக்கவே இல்லையே."

"உங்கப்பா ரூம் தர மாட்டேன்னார். அவர்கிட்டப் பேசி என்ன பிரயோஜனம்னுதான் நான்..."

"அப்பா நோ சொன்னார். ஓகே, அப்பா அப்படித்தான். அன்னிக்கு நீயும் லைன்ல இருந்தே. நீ என்ன சொல்லப்போறேன்னு பார்த்துண்டே இருந்தேன். அப்புறம் நாலு மாசம் பார்த்தேன். அப்பாகிட்டச் சொல்லணும்னு இல்லைம்மா. நீ வாடின்னு என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "பரவாயில்லை. வீக்கெண்ட்ல வந்து சோபால படுத்துக்கறேன், எப்பவும் போல."

ஃபோனை வைத்துவிட்டுக் கிரிஜா மாடிக்குப் போனாள். புதுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கம்பளத்தில் இரும்புக் கால்கள் பதிந்த குழிகள் வரிசையாகத் தெரிந்தன. எவ்வளவு தேய்த்தும் அறையில் பாசி வாடை போகவில்லை. நாலு மாதம் மீனின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பெற்ற பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்று நினைத்தபோது அழுகை வந்தது, அழுதாள். அந்த அசட்டு மனுஷனை மட்டமாக நினைப்பதே தனக்கு ஒரு முழுநேர வேலையாகப் போயிருந்தது அவளுக்குப் புரிந்தது.

வாசலில் கிருஷ்ணமூர்த்தி வந்து நின்றார். படியில் நின்று கேட்டிருப்பார் போல.

"அப்போ அவ வரலையா?"

"வரலை."

அவர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். ஜன்னல் பக்கச் சுவரில் கண் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. பேன்ட் பையில் அளவுநாடா துருத்திக்கொண்டிருந்தது.

"இல்லை, கேக்கறேன்... ரூம் சும்மாதானே கிடக்கப் போறது? ஒரே ஒரு தட்டு மட்டும் அந்த ஓரமா..."

கிரிஜாவின் உதட்டோரம் மடியத் தொடங்கியது. அது மடிவது அவளுக்கே தெரிந்தது. எழுந்து நின்றாள்.

"கூடாது" என்றாள். "இது என் பொண்ணோட ரூம்."

கிருஷ்ணமூர்த்தி ஓரடி பின்னால் போனார். முப்பத்தொரு வருஷத்தில் அவள் அவரிடம் நேராகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதைக் கேட்டிருக்க வேண்டியவள் எட்மண்டனில் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தாள்.